வேலையை விட்டு நீக்கினால் ஒப்பந்தம் முடிந்துவிடுமா?

2007ஆம் ஆண்டு நவம்பர் 29. சொசியேத்தே ஜெனரால் என்ற பிரெஞ்சு வங்கியின் லண்டன் கிளை. அங்கே உயர் பதவியில் இருந்த கீஸ் என்பவரை அழைத்து ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். உடனடியாக உங்களைப் பணியிலிருந்து நீக்குகிறோம் என்பதுதான் அதன் சாரம். பாதுகாவலர்கள் உடன்வர, அன்றே கட்டடத்தை விட்டு வெளியேறினார்.

அவருடைய வேலை ஒப்பந்தம் என்றைக்கு முடிந்தது? தெருவில் போகிற யாரை நிறுத்திக் கேட்டாலும் நவம்பர் 29 என்றுதான் சொல்வார்கள். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2012 டிசம்பரில் சொன்ன பதில் வேறு: 2008 ஜனவரி 6.

இந்த ஐந்து வார வித்தியாசத்துக்காக வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனதற்குக் காரணம் பணம். ஒப்பந்தம் டிசம்பர் 31க்குள் முடிந்திருந்தால், அவருக்குச் சேர வேண்டிய தொகையை முந்தைய ஆண்டுகளின் கணக்கை வைத்துப் போட வேண்டும். புத்தாண்டு பிறந்தபின் முடிந்திருந்தால் 2007ஆம் ஆண்டும் கணக்கில் சேரும். இரண்டுக்கும் இடையே பல மில்லியன் யூரோ இடைவெளி. நம்மில் பெரும்பாலோருக்கு இந்த அளவுப் பணம் கனவில்கூட வராது. ஆனால் அந்த வழக்கு தீர்த்துவைத்த கேள்வி, மாதச் சம்பளம் வாங்கும் எவருக்கும் பொருந்தும். ஒருவர் ஒப்பந்தத்தை மீறினால், அந்த மீறலே ஒப்பந்தத்தை முடித்துவிடுமா, அல்லது மற்றவர் சம்மதிக்க வேண்டுமா?

இங்கே நான் பேசுவது இங்கிலாந்தில் பிறந்த பொதுச் சட்டத்தைப் பற்றி. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாக இல்லாமல், நீதிபதிகளின் தீர்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உருவான சட்டம் அது. ஆஸ்திரேலியா, கனடா, மலேசியா, சிங்கப்பூர், இந்தியா என்று பல நாடுகளின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடித்தளம் அதுவே. மேல்கட்டுமானம்தான் நாட்டுக்கு நாடு மாறும்.

முதலில் சாதாரண நிலைமையைப் பார்த்துவிடலாம். வேலை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை சண்டை இல்லாமல் முடிகின்றன. காலக்கெடு வைத்த ஒப்பந்தம் கெடு வந்ததும் முடிகிறது. மற்றவை நோட்டீஸ் கொடுத்து முடிகின்றன. நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், நியாயமான கால அவகாசம் தர வேண்டும் என்பது பொதுச் சட்டத்தின் நிலை. இங்கிலாந்தில் இதற்கு 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைகள் சட்டம் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது: ஒரு மாதம் வேலை செய்தவருக்கு ஒரு வாரம், இரண்டு ஆண்டு ஆனபின் ஆண்டுக்கு ஒரு வாரம், அதிகபட்சம் பன்னிரண்டு வாரம். முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டால் பொதுச் சட்டத்தின்படி காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஈவிரக்கம் அற்ற விதிதான். பின்னாளில் தொழிலாளர் சட்டங்கள் வந்ததே இந்தக் கடுமையைத் தணிக்கத்தான்.

நோட்டீஸ் இல்லாமல், முறையில்லாமல் முறிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எல்லா மீறலும் ஒரே எடை கொண்டதில்லை. பத்து நிமிடம் தாமதமாக வருவதும் மீறல்தான். கல்லாவில் கை வைப்பதும் மீறல்தான். முதலாவதற்கு எச்சரிக்கலாம்; நட்டம் உண்டாகியிருந்தால் அதைக் கேட்கலாம். ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை கிடைப்பது, அதன் வேரையே அறுக்கும் மீறலுக்கு மட்டும். "இந்த ஒப்பந்தத்துக்கு நான் இனிக் கட்டுப்பட மாட்டேன்" என்பதைச் சொல்லாலோ செயலாலோ காட்டிவிடும் மீறல் அது. அதை மறுதலிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

எது வேரை அறுக்கும், எது அறுக்காது என்பதற்கு 1959இல் தீர்ப்பான ஒரு வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. லண்டனில் ஒரு பத்திரிகை நிறுவனம். அங்கே வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன பெண் ஒருவர். ஒரு கூட்டத்தில் அவருடைய நேரடி மேலதிகாரிக்கும் நிர்வாக இயக்குநருக்கும் வாக்குவாதம் முற்றியது. மேலதிகாரி கோபத்துடன் எழுந்து, தன்னுடன் வரும்படி அவரை அழைத்துக்கொண்டு வெளியேறினார். "நீங்கள் இங்கேயே இருங்கள்" என்றார் நிர்வாக இயக்குநர். அந்தப் பெண் மேலதிகாரியின் பின்னாலேயே போய்விட்டார். இரண்டு யானைகள் மோதும்போது நடுவில் அகப்பட்டவர் வேறு என்ன செய்வார்? நிறுவனம் அவரை அங்கேயே, அப்போதே நீக்கிவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரே ஒரு முறை சொல் கேட்காதது மட்டும் போதாது; ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனைகளையே அவர் தூக்கி எறிந்தார் என்று காட்டுவதாக அந்தச் செயல் இருக்க வேண்டும் என்றது. லாஸ் எதிர் லண்டன் க்ரானிக்கிள் என்ற அந்த வழக்கை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

முதலாளி தரப்பின் மறுதலிப்பும் இப்படித்தான் அளக்கப்படும். சம்பளத்தைத் தன்னிச்சையாக வெட்டுவது, பதவியைத் தாழ்த்துவது, நோட்டீஸ் இல்லாமல் வெளியேற்றுவது ஆகியவை வழக்கமான உதாரணங்கள். இவற்றுடன், காரணமில்லாமல் ஊழியரின் நம்பிக்கையைச் சிதைக்கும்படி நிறுவனம் நடந்துகொள்ளக் கூடாது என்ற எழுதப்படாத நிபந்தனையையும் இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஒப்பந்தத்துக்குள் சேர்த்துப் படிக்கின்றன. 1991இல் மூடப்பட்ட பி.சி.சி.ஐ. வங்கியின் முன்னாள் ஊழியர்கள், வங்கியின் மோசடி தங்கள் பெயரையும் கெடுத்துவிட்டது என்று வழக்குப் போட்டார்கள். அதில் 1997இல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அந்த நிபந்தனையை உறுதிசெய்தது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமோ 2014இல் பார்க்கர் வழக்கில், எங்கள் நாட்டில் அப்படி ஒரு பொதுவான நிபந்தனை கிடையாது என்று சொல்லிவிட்டது. ஒரே வேரிலிருந்து கிளைத்த சட்டங்கள். ஆனாலும் இப்படிப் பிரிகின்றன.

மறுதலிப்பு நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன?

பொது ஒப்பந்தச் சட்டத்தில் விடை தெளிவானது. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தேர்வு உண்டு. மறுதலிப்பை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தத்தை முடித்து இழப்பீடு கேட்கலாம். அல்லது அதை ஏற்க மறுத்து, ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று நிற்கலாம். அவர் தேர்ந்தெடுக்கும்வரை எதுவும் முடிவதில்லை. ஏற்கப்படாத மறுதலிப்பு நீரில் எழுதிய எழுத்து என்று 1951இல் நீதிபதி அஸ்குவித் சொன்னார். அந்த வழக்கும் ஒரு நிர்வாக இயக்குநரின் வேலை பற்றியதுதான்.

வேலை தொடங்குவதற்கு முன்பேகூட இது நடக்கலாம். 1852இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு உடன்வர ஒருவரை வேலைக்கு அமர்த்தினார் ஒரு கனவான். பயணம் ஜூன் 1ஆம் தேதி. மே மாதமே, நீங்கள் வேண்டாம் என்று எழுதிவிட்டார். வேலை இழந்தவர் ஜூன்வரை காத்திருக்காமல் மே மாதத்திலேயே வழக்குப் போட்டார். இன்னும் நாளே வரவில்லை, அதற்குள் என்ன மீறல் என்று வாதிட்டது எதிர்த்தரப்பு. நீதிமன்றம் வழக்குப் போட்டவர் பக்கம் நின்றது. அவர் ஜூன் முதல் தேதிவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை; மறுதலிப்பை அப்போதே ஏற்றுக்கொண்டு வேறு வேலை தேடலாம்.

ஆனால் நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு இந்தத் தேர்வு உண்மையிலேயே பொருந்துமா என்பதில் நீதிபதிகள் பல்லாண்டுகள் இரண்டு அணியாக நின்றார்கள். வேலை ஒப்பந்தம் தனி ரகம், நீக்கினால் தானாகவே முடிந்துவிடும் என்றது ஓர் அணி. அவர்களுடைய வாதம் லேசானதில்லை. அலுவலகக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஊழியர் உள்ளே போய் வேலை செய்ய முடியாது. வேலை செய்யாமல் சம்பளம் கேட்க முடியாது. இவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று முதலாளியையோ, இவரிடம் வேலை செய்தே தீர வேண்டும் என்று ஊழியரையோ நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. மனிதர்களை அப்படிப் பிணைத்து வைப்பது அடிமைத்தனத்தின் சாயல் கொண்டது. அப்படியானால் உயிரோடு இருப்பதாகச் சொல்லப்படும் அந்த ஒப்பந்தத்துக்குள் மிச்சம் என்ன இருக்கிறது?

இன்னோர் அணி, வேலை ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், பொது விதியே செல்லும் என்றது. 1980இல் ரிச்மண்ட் நகரசபைக் கல்லூரி ஒன்றின் பதிவாளரை, ஒப்பந்தத்தில் இருந்த ஒழுங்கு விசாரணை முறையைப் பின்பற்றாமல் நீக்கிய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை இந்தப் பக்கம் சாய்ந்தது.

கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கணக்கைத் தீர்த்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர், பாதிக்கப்பட்டவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தேர்வு விதியின் பக்கம். லார்டு சம்ப்ஷன் மட்டும் மாறுபட்டார். வேலை உறவின் சாரம் போனபின் வெறும் கூட்டை உயிரோடு வைத்திருப்பதில் பொருளில்லை என்பது அவர் கருத்து. முன்னணித் தீர்ப்பை எழுதிய லார்டு வில்சன் கேட்ட கேள்வியோ எனக்கு மறுக்க முடியாததாகப் படுகிறது. தானாக முடிந்துவிடும் என்று வைத்தால், ஒப்பந்தத்தை மீறியவரே தனக்கு வசதியான நாளில் அதை முடித்துக்கொள்ள முடியும். போனஸ் தேதிக்கு முந்தைய நாள், ஓய்வூதிய உரிமை கனியும் மாதத்துக்கு முந்தைய மாதம் என்று நாள் பார்த்து நீக்கலாம். தவறு செய்தவர் அந்தத் தவறாலேயே ஆதாயம் அடைவதைச் சட்டம் ஏன் அனுமதிக்க வேண்டும்?

இதே வழக்கில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாகச் சம்பளத்தைக் கொடுத்து உடனே ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்ற உரிமை வங்கியின் ஊழியர் கையேட்டில் இருந்தது. அப்படி ஓர் உரிமையை முறையாகப் பயன்படுத்தினால் அது மீறலே ஆகாது. நவம்பர் 29 அன்று வங்கி அதைப் பயன்படுத்துவதாகச் சொல்லவில்லை. டிசம்பர் 18 அன்று ஏறக்குறைய 32,000 பவுண்டை அவர் கணக்கில் போட்டது; எதற்கென்று தெளிவாகச் சொல்லவில்லை. ஜனவரி 2ஆம் தேதி அவருடைய வழக்கறிஞர்கள், ஒப்பந்தம் தொடர்கிறது என்றே நாங்கள் கருதுகிறோம் என்று எழுதினார்கள். அதன்பிறகுதான் வங்கி விழித்துக்கொண்டு, ஜனவரி 4 தேதியிட்ட கடிதத்தில் அந்த உரிமையைப் பயன்படுத்திவிட்டதாகத் தெரிவித்தது. ஒப்பந்த விதிப்படி அந்தக் கடிதம் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டிய நாள் ஜனவரி 6. முடிவு நாளும் அதுவே. தனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஊழியர் தன் வங்கிக் கணக்கை அடிக்கடி எட்டிப்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது நால்வரில் ஒருவரான பேரனஸ் ஹேல் சொன்ன கருத்தின் சாரம். நீக்குகிறவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, நீக்கப்பட்டாலும் வீட்டில் உட்கார்ந்தபடி சம்பளம் வாங்கலாம் போலிருக்கிறதே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒப்பந்தம் உயிரோடு இருந்தாலும், பொதுவாக வேலை செய்தால்தான் சம்பளம். கிடைப்பது இழப்பீடு மட்டும். அதற்கும் வரம்பு உண்டு. வேறு வேலை தேடி நட்டத்தைக் குறைக்க ஊழியர் முயல வேண்டும். தேதியோடு கட்டிய உரிமைகள் எதுவும் இல்லாதபோது, ஏற்க மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதில் பெரிய லாபம் இல்லை. பெரும்பாலோர் மறுதலிப்பை ஏற்றுக்கொள்வதே நடைமுறை. ஏற்பதற்கென்று தனிப் படிவமோ சடங்கோ கிடையாது. பழைய வேலையோடு ஒத்துப்போக முடியாத வேறு வேலையில் சேர்வதுகூட ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகலாம்.

நிறுவனம் வெளிப்படையாக நீக்கவில்லை. ஆனால் இருக்கவும் விடவில்லை. அப்போது ஊழியர் ராஜினாமா செய்துவிட்டு, உண்மையில் என்னை நீக்கியது நீங்கள்தான் என்று சொல்ல முடியும். மலேசியாவில் வேலை செய்யும் தமிழர்கள் பலர் கேள்விப்பட்ட விஷயம் இது. இதற்கான அளவுகோலை 1977இல் வெஸ்டர்ன் எக்ஸ்கவேட்டிங் எதிர் ஷார்ப் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி லார்டு டென்னிங் வகுத்தார்: முதலாளி நியாயமாக நடந்தாரா என்பது கேள்வியில்லை, ஒப்பந்தத்தின் வேரை அறுக்கும் மீறல் நடந்ததா என்பதே கேள்வி. பத்து ஆண்டு கழித்து மலேசியாவின் உச்ச நீதிமன்றம் வோங் சீ ஹோங் வழக்கில் அதையே எடுத்துக்கொண்டது. மேலாளர் கடுகடுப்பானவர், பிறந்தநாளுக்கு லீவு தரவில்லை என்பதெல்லாம் இந்த அளவுகோலைத் தாண்டாது.

இங்கே ஊழியருக்கு ஒரு பொறி இருக்கிறது. காலம். மீறல் நடந்தபின் எதுவும் சொல்லாமல் மாதக்கணக்கில் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் ஒப்பந்தத்தைத் தொடரவே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். டென்னிங்கும் அதைத்தான் எச்சரித்தார்: சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் உண்டு. எதிர்ப்பை எழுத்தில் பதிவுசெய்துவிட்டு வேலை செய்தால் இன்னும் கொஞ்சம் நீளும். எத்தனை நாள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

முறிக்காமல் தொடர்வதும் சில சமயம் கெட்டிக்காரத்தனம்தான். ஃபெரோடோ என்ற நிறுவனம் 1982இல் ஊழியர்களின் சம்பளத்தைத் தன்னிச்சையாகக் குறைத்தது. கடைசல் இயந்திரத்தில் வேலை செய்த ரிக்பி என்பவர் வேலையை விடவில்லை. குறைப்பை ஒப்புக்கொள்ளவும் இல்லை. எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே வேலையைச் செய்தார். பழைய ஒப்பந்தமே தொடர்கிறது, வெட்டிய பணத்தைக் கொடு என்று வழக்குப் போட்டார். பிரபுக்கள் அவைவரை போய் ஜெயித்தார். மறுதலிப்பு தானாக ஒப்பந்தத்தை முடித்துவிடும் என்ற நிறுவனத்தின் வாதம் அங்கேயும் எடுபடவில்லை.

நிறுவனம் மனம்மாறி, செய்ததைச் சரிசெய்துவிட்டால்? ஊழியர் முடிவெடுக்கும் முன்பே சரிசெய்தாலும் நடந்த மீறல் நடந்ததுதான். 2010இல் போர்ன்மத் பல்கலைக்கழகப் பேராசிரியர் வழக்கில் சொன்னது இது. அவர் திருத்திய விடைத்தாள்களை அவருக்குத் தெரியாமல் வேறொருவரைக் கொண்டு மறுபடி திருத்த வைத்தார்கள். பின்னர் விசாரணை நடத்தி அவர் மேல் குற்றமில்லை என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு, ஒப்பந்தத்தை முடிப்பதா தொடர்வதா என்று தேர்ந்தெடுக்கும் அவருடைய உரிமையைப் பறிக்கவில்லை.

தேர்வு விதி ஊழியருக்கு மட்டும் சாதகமானதில்லை. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்த கிளார்க், லீவு மறுக்கப்பட்டும் ஏழு வாரம் ஜமைக்கா போய்விட்டார். அவரே தன்னை நீக்கிக்கொண்டார், நாங்கள் நீக்கவில்லை என்றது நிறுவனம். 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. ஊழியரின் மறுதலிப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்ட கணத்தில்தான் ஒப்பந்தம் முடிந்தது, ஆகவே அது நீக்கம்தான் என்றது. ஆனால் அந்த நீக்கம் நியாயமானது என்றும் சொன்னதால் கிளார்க்குக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

நீக்கிய பிறகு புதிய காரணம் கிடைத்தால் அதையும் நிறுவனம் பயன்படுத்தலாம். 1888இல் தீர்ப்பான வழக்கு ஒன்றில், ஒரு மீன்பிடி நிறுவனம் தன் நிர்வாக இயக்குநரை ஏதோ காரணம் சொல்லி நீக்கியிருந்தது. பிறகுதான், கப்பல் கட்டியவர்களிடம் அவர் ரகசியமாகக் கமிஷன் வாங்கியது தெரியவந்தது. நீக்கிய நாளில் நிறுவனத்துக்கு அது தெரியாது. ஆனாலும் நீக்கம் செல்லும் என்றது நீதிமன்றம்.

ஒப்பந்தம் முடிந்தபின் என்ன மிஞ்சுகிறது? முதலிலிருந்தே இல்லாததுபோல அது அழிந்துபோவதில்லை. அதுவரை சம்பாதித்த சம்பளம் சம்பாதித்ததே. இனிமேல் செய்ய வேண்டிய கடமைகள் நிற்கின்றன. அவற்றின் இடத்தில் இழப்பீட்டுக் கடமை வருகிறது. நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்பது போன்ற, சண்டைக்கென்றே எழுதப்பட்ட ஷரத்துகள் உயிரோடிருக்கும். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஷரத்தின் கதி வேறு. 1909இல் ஜெனரல் பில்போஸ்டிங் வழக்கில், முதலாளியே முறைகேடாக நீக்கினால் ஊழியர் அந்தத் தடையிலிருந்து விடுபடுகிறார் என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அவசரப்பட்டு ஒருவரை விரட்டும் நிறுவனங்கள் பல, இந்த ஒன்றை மறந்துவிட்டுப் பின்னர் கையைப் பிசைகின்றன.

இழப்பீட்டுக் கணக்கு ஏமாற்றம் தரும் அளவுக்குச் சிறியது. மூன்று மாத நோட்டீஸ், மாதம் 3,000 பவுண்டு சம்பளம் என்று கொள்வோம். நோட்டீஸ் இல்லாமல் நீக்கினார்கள். ஒரு மாதம் கழித்து 2,000 பவுண்டில் வேறு வேலை கிடைத்தது. இழந்தது 9,000, மீதி இரண்டு மாதத்தில் சம்பாதித்தது 4,000. வரியை ஒதுக்கிவைத்தால் இழப்பீடு 5,000. அவமானத்துக்கு? ஒன்றுமில்லை. இந்த விதி 1909இல் உறுதியானது கல்கத்தாவில் கிராமஃபோன் நிறுவனத்தின் மேலாளராக இருந்த ஆடிஸ் வழக்கில்தான். 1905இல் அவருக்கு ஆறு மாத நோட்டீஸ் கொடுத்த கையோடு வேறொருவரை அவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீக்கிய விதம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் மனப் புண்ணுக்கு இழப்பீடு இல்லை என்றார்கள் பிரபுக்கள். நூறாண்டு தாண்டியும் அதன் பிடி முழுவதும் தளரவில்லை. பொதுச் சட்டத்தின் ஆக மோசமான பக்கம் இதுதான் என்பேன்.

இந்தியாவில் இதன் அடிப்படை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவர் தன் வாக்குறுதியை முழுவதுமாக நிறைவேற்ற மறுத்தால் மற்றவர் ஒப்பந்தத்தை முடிக்கலாம். அது தொடரட்டும் என்று சொல்லாலோ நடத்தையாலோ அவர் இசைந்திருந்தால் முடியாது. அதே தேர்வுதான். தனிநபர் சேவை ஒப்பந்தத்தை நீதிமன்றம் கட்டாயமாக நிறைவேற்றாது என்ற விதியும் இங்கே உண்டு. அரசு ஊழியர், தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பில் வரும் தொழிலாளி, சட்டப்பூர்வ அமைப்பின் ஊழியர் ஆகிய மூவர் மட்டும் விதிவிலக்கு என்று வைஷ் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது. ஆலைத் தொழிலாளி வேலையைத் திரும்பப் பெற முடிவதும், தனியார் நிறுவன மேலாளருக்குப் பெரும்பாலும் பணம் மட்டுமே கிடைப்பதும் இதனால்தான்.

கடைசியாக, இங்கிலாந்தில் வேலை இழந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. மேலே சொன்னதெல்லாம் ஒப்பந்தத்தின் நாள்காட்டி. நியாயமற்ற நீக்கம் என்று தொழில் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் தனி நாள்காட்டி வைத்திருக்கிறது. நோட்டீஸ் இல்லாமல் நீக்கினால், நீங்கள் அதை ஏற்றீர்களா இல்லையா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பொதுவாக நீக்கிய அன்றே தீர்ப்பாயத்துக்கான கெடு ஓடத் தொடங்கிவிடும். ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற தெம்பில் உட்கார்ந்திருப்பவருடைய மனு, அங்கே காலாவதியாகிக்கொண்டிருக்கலாம்.